அவர் தெரியாமல் செய்யவில்லை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் பல வருடம் கணக்கு எழுதினேன். ஆங்கிலக் கடிதங்களும் அடித்தேன். அப்போது அங்கிருந்த சூளைக்காரரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பொய் எழுதினேன். அந்தப் பொய் முழுவதும் ஒரே ஒரு வினையடையில் அடங்கியிருந்தது. அதனால் அவருடைய கூலி பிடிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் பழகிய சூளையடியை விட்டு அவர் போக வேண்டியதாயிற்று. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தன்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பதே அவருக்கு வெகுகாலம் தெரியாது. எழுதிய நானோ தினமும் அவரோடு உட்கார்ந்து டீ குடித்தவன்.

அந்தச் சொல் 'இன்அட்வர்டென்ட்லி'. யோசிக்காமல், கவனம் அங்கே இல்லாமல், தெரியாத்தனமாக ஒன்றைச் செய்வதைக் குறிக்கும் சொல்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. இதனால் அவர் குடும்பத்துக்கு இன்னொரு தொந்தரவு வரக்கூடாது. முதலாளி செய்ததை முதலாளி சொல்லட்டும். என் பங்கை நான் சொல்கிறேன். இத்தனை காலமும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்: வேண்டுமென்றே செய்யவில்லை, யோசிக்காமல் நடந்துவிட்டது. அந்தச் சமாதானத்தில் பாதிதான் உண்மை. மீதியையும் எழுதினால்தான் இது வாக்குமூலம்.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும், இல்லையென்றால் ரயில்வே ஜங்ஷன். எங்களுக்குப் பீங்கானும் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றும்போது நல்ல வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. அந்த மண் பக்கத்திலேயே கிடைத்ததால் இங்கே இந்தத் தொழில் வேரூன்றியது. அகல் விளக்கு, பொம்மை, ஜாடி, கோப்பை எல்லாம் செய்வார்கள். செராமிக் டிப்ளமாவுக்கென்றே ஒரு அரசுப் பயிலகமும் ஊரில் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் பெரும்பாலும் ஃபியூஸ் கட்டை செய்தோம். வீட்டு மெயின் போர்டில் இருக்குமே, கரண்ட் போனால் இழுத்துப் பார்ப்போமே, அந்த வெள்ளைக் கட்டை.

அது ஆகிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மனிதருடைய அறிவின் அருமை தெரியாது. களிமண், குவார்ட்ஸ் தூள், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் 'பால் மில்' என்ற அரைவை இயந்திரத்தில் அரைத்துச் சேர்ப்பார்கள். அச்சில் அழுத்தி, நிழலில் காய வைத்து, கிளேஸ் பூசிச் சூளையில் அடுக்குவார்கள். அடுக்கி முடித்ததும் சூளை வாசலைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்துவிடுவார்கள். உள்ளே சூடு 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அதை அளக்க பைரோமீட்டர் உண்டு. கூடவே 'கோன்' வைப்பார்கள். ஜெர்மனியின் ஹெர்மன் செகர் 1880-களில் கொண்டுவந்த முறை அது. பீங்கான் கலவையிலேயே செய்த சின்னக் கூம்பு, உரிய சூடு ஏறியதும் தலை குனிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் நெருப்பை நிறுத்துவார்கள்.

நெருப்பை நிறுத்தியதும் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர்தான் சொல்லிக் கொடுத்தார்: "ஏத்தறது பாதி வேல தம்பி. எறக்கறதுதான் மீதி." அவர் இதைக் கையாலும் கண்ணாலும் அறிந்திருந்தார். பயிலகத்தில் படித்த பிள்ளைகள் இதற்கு எண் சொல்வார்கள். பீங்கானுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். சூடு இறங்கும்போது அந்த இடத்தில் சட்டென்று சுருங்கும். மெதுவாக இறங்கினால் உள்ளும் புறமும் சேர்ந்து சுருங்கும். வெளிக்காற்றை விட்டால் மேல்பக்கம் முந்திக்கொள்ளும், உள்பக்கம் பின்தங்கும், நடுவில் விரிசல் விழும். கண்ணை ஏமாற்றும் சங்கதி ஒன்றும் உண்டு. சூடேறிய பொருளின் சிவப்பு ஏறக்குறைய 525 டிகிரிக்குக் கீழே நம் கண்ணுக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தால் உள்ளே இருட்டாக, ஆறிப்போனதாகத் தோன்றும். ஆனால் அப்போதும் உள்ளே இருக்கும் சூட்டுக்குக் குளிர்ந்த காற்று பட்டால் பீங்கான் தாங்காது. அதனால் அவர் வாசலை ஒரேயடியாகப் பிரிக்க மாட்டார். முதலில் மேலே இரண்டு கல்லை எடுப்பார். விட்டுவிடுவார். பிறகு இன்னும் கொஞ்சம். அவசரப்படுத்தினால் பதில் பேச மாட்டார், பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார்.

அன்று லாரி வந்து வாசலில் நின்றது. வெளியூரில் ஃபியூஸ் கட்டைக்குப் பித்தளை பொருத்தி விற்கிற ஒரு கம்பெனியின் ஆர்டர். ஏற்கெனவே தாமதம். அன்றைக்கே சரக்கு ஏறாவிட்டால் மீதி ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸ் கதவு திறந்திருந்தது. சூளையடி பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது.

"இன்னும் ஆறல மொதலாளி. ரெண்டு கல்ல மட்டும் எடுத்து உட்டுடறேன். காலையில பிரிச்சா ஒரு கட்டைக்கும் சேதம் இருக்காது."

"லாரிக்காரன் காலை வரைக்கும் நிப்பானா? பிரி, பாத்துக்கலாம்."

"காத்து பட்டா முடியாட்டம் விரிசல் உழும். கண்ணுக்குத் தெரியாது. அப்பறம் எங்கள சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்யா. பிரி."

பிரித்தார்கள். கட்டைகள் தொட முடியாத சூட்டில் இருந்தன. சாக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்கள். ஆறிய பிறகு அவர் ஒன்றிரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். நல்ல பீங்கான் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விழுந்தது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். "சத்தம் செத்திருக்கு" என்று என்னிடம் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். லாரி போய்விட்டது.

சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தில், பித்தளையை வைத்து ஸ்க்ரூ முடுக்கும்போது துளையைச் சுற்றிக் கட்டைகள் பிளந்தன. பிளந்தவரைக்கும் நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். பிளக்காமல் விரிசலோடு ஒரு வீட்டுச் சுவருக்குப் போயிருந்தால், யாரோ ஒருவர் இழுக்கும்போது கையில் உடைந்து உள்ளே இருக்கும் மின்கம்பி விரலில் பட்டிருக்கும். வாங்கியவர்கள் மிச்சத்தைத் திருப்பி அனுப்பி, காரணம் கேட்டு எழுதினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நம்ம ஆளு தெரியாம பண்ணிட்டான்னு நாலு வரி எழுதி அனுப்புப்பா. நல்ல இங்கிலீஷா இருக்கட்டும்."

நான் யோசிக்கவில்லை. இது உண்மை. பழைய ஃபைலை எடுத்தேன். முன்பு ஒரு பில்லில் கூட்டல் தவறியதற்காக நானே எழுதிய மன்னிப்புக் கடிதம் இருந்தது. அதில் இந்தச் சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. தேதியை மாற்றினேன், விவரத்தை மாற்றினேன், 'எங்கள் கணக்கர்' என்று இருந்த இடத்தில் 'எங்கள் சூளைத் தொழிலாளி' என்று போட்டேன். சூளை முழுவதும் ஆறுமுன் எங்கள் சூளைத் தொழிலாளி இன்அட்வர்டென்ட்லி அதைத் திறந்துவிட்டார், இனி இப்படி நேராது, மன்னிக்கவும். முதலாளி வாசித்துப் பார்த்து, "பிரமாதம்" என்றார். எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. தொழிற்பேட்டையில் அப்படி ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் அன்று அதிகம் இல்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

இந்தச் சொல் நம் ஆபீஸ்களில் எப்படி வாழ்கிறது என்பதைக் கொஞ்சம் கவனித்தால் என் கை ஏன் அங்கே போனது என்பது புரியும். தாமதமாகக் கொடுத்த மனுவிலும், கையெழுத்து விட்டுப்போன படிவத்திலும், மெமோவுக்கு எழுதும் விளக்கத்திலும் இது தவறாமல் வரும். தமிழில் எழுதுகிறவர்கள் 'கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது, வேண்டுமென்றே செய்ததல்ல' என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நிம்மதியாவார்கள். எழுதுகிறவர் தன்னைப் பற்றி எழுதும்போது இதில் பெரிய கெடுதல் இல்லை. தன் மனம் அப்போது எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியும். இந்தச் சொல்லின் லத்தீன் வேர் மனம் ஒன்றின் பக்கம் திரும்புவதைக் குறிக்கிறது. விளம்பரத்தைச் சொல்லும் 'அட்வர்டைஸ்மென்ட்'டும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நம் மனத்தைத் தன் பக்கம் திருப்புகிற காரியம். முன்னால் ஓர் எதிர்மறையைச் சேர்த்தால், மனம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்றாகிறது.

அப்படியென்றால் நான் எழுதியதன் பொருள் என்ன? சூளையைத் திறந்தபோது அந்த மனிதருடைய மனம் சூட்டின் பக்கம் திரும்பவே இல்லை என்று எழுதினேன். அங்கே சூட்டின் பக்கம் மனம் திரும்பியிருந்த ஒரே ஆள் அவர். 'திறந்தார்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது நடந்த செயல், யாரும் பார்த்துச் சொல்லலாம். வினையடை சேர்ந்ததும் அவருடைய மனத்துக்குள் நுழைந்து சாட்சி சொன்னேன். அந்த மனத்தில் என்ன இருந்தது என்பதைக் காதால் கேட்டிருந்தும் மாற்றிச் சொன்னேன்.

இதற்குப் பக்கத்துச் சொற்கள் ஆங்கிலத்தில் பல இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து எங்கள் மூவருக்கும் வைத்துப் பார்த்திருக்கிறேன். 'அன்விட்டிங்லி' என்பது விவரமே தெரியாமல் செய்வது. அது எங்களில் யாருக்கும் பொருந்தாது, மூன்று பேருக்கும் விவரம் தெரியும். 'நெக்லிஜென்ட்லி' என்றால் காக்க வேண்டிய கடமை இருந்தும் காக்காமல் விடுவது. அது முதலாளிக்கு ஓரளவு பொருந்தும். அவருக்கு 'ரேஷ்லி' இன்னும் சரி: ஆபத்து தெரிந்தும், பார்த்துக்கொள்ளலாம் என்று துணிவது. நம் ஊர் விபத்து வழக்கு எஃப்.ஐ.ஆர்.களில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று வருமே, அந்தத் தொடருக்குப் பின்னால் இருப்பது இந்த இரண்டு சொற்கள்தான். அஜாக்கிரதை சட்டத்திலும் குற்றம்தான். அதனால் உயிர் போனால் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் 2 வருடம் வரை சிறை இருந்தது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 5 வருடம் வரை. யோசிக்கவில்லை என்று சொல்லி அங்கே யாரும் தப்ப முடியாது.

எனக்கு 'அன்திங்கிங்லி' பொருந்தும். 'தாட்லெஸ்லி' அதைவிடப் பொருந்தும். முன்னது வெறுமனே யோசிக்காமல். பின்னதில் இன்னொருவருக்கு இதனால் என்ன ஆகும் என்று நினைக்காத குற்றமும் சேர்ந்திருக்கிறது. சூளைக்காரருக்கோ இந்த வரிசையில் எந்தச் சொல்லும் பொருந்தாது. அவர் யோசித்தார், எச்சரித்தார், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்.

யோசிக்காமல் கை செய்கிற வேலை எல்லாமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் தொழிலையே அவமதித்ததாகும். பொம்மைக்கு ஸ்லிப் ஊற்றும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். களிமண் கரைசலைப் பிளாஸ்டர் மோல்டில் ஊற்றுவார்கள். மோல்டு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உள்சுவரில் மண் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். அக்காக்கள் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வேலை செய்வார்கள். கடிகாரம் பார்க்க மாட்டார்கள். ஆனால் கவிழ்க்கும் நேரம் தப்பாது. மழைக்காலத்தில் மோல்டு ஈரமாக இருந்தால், யாரும் சொல்லாமலே கூடுதல் நேரம் விடுவார்கள். அவர்கள் கைக்குள்ளேயே கவனம் குடியிருந்தது. என் கை அன்று டைப்ரைட்டரில் ஓடியபோது கவனம் கையிலும் இல்லை, மனத்திலும் இல்லை. 'பழக்கத்தில் செய்துவிட்டேன்' என்று நான் சொன்னால் அந்தப் பெண்களுடைய பழக்கத்தை என்னோடு சேர்த்துக் கெடுத்தவனாவேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியத்தில் என் பெயர் இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேன். ஒவ்வொரு எழுத்தையும் யோசித்திருப்பேன். 'எங்கள் கணக்கர்' என்று எழுதிய பழைய கடிதத்தை எத்தனை முறை கிழித்துப் போட்டு எழுதினேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அங்கே அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டதே என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். ஆக, யோசிக்கும் சக்தி இருந்தது. அதை எனக்கு மட்டும் செலவழித்தேன். வாசிக்கத் தெரியாத ஒருவருடைய இடம் வந்ததும் அது ஓய்வெடுத்துக்கொண்டது. யோசிக்காமை என்று நான் பெயர் வைத்திருந்தது யாரிடம் வருகிறது, யாரிடம் வராது என்று பார்த்தே வந்திருக்கிறது.

திருக்குறளில் 54-ஆவது அதிகாரம் பொச்சாவாமை. செய்ய வேண்டியதை மறந்து மனம் சோர்ந்துபோகாமல் இருப்பதைப் பற்றியது. அந்தச் சோர்வு மிகுந்த மகிழ்ச்சியில் வரும் என்று வள்ளுவர் கண்டு சொல்லியிருக்கிறார். பள்ளியில் படித்தபோது அது ராஜாக்களுக்கான புத்தி என்று நினைத்தேன். நல்ல ஆங்கிலம் எழுதிவிட்ட மகிழ்ச்சியிலேயே ஒரு குமாஸ்தாவுக்கும் அந்தச் சோர்வு வரும்.

கடிதம் தன் வேலையைச் செய்தது. வாங்கியவர்களிடமிருந்து பதில் வந்தது: சம்பந்தப்பட்ட தொழிலாளி மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தெரிவிக்கவும். ஆர்டர் வேண்டுமென்றால் ஏதாவது தெரிவிக்க வேண்டும். சரக்கின் நஷ்டத்தில் ஒரு பகுதியை அவருடைய கூலியில் வாரா வாரம் பிடிக்கச் சொன்னார் முதலாளி. பிடித்துக் கணக்கில் எழுதியவனும் நான்தான். அவர் கேட்டார்: "நீங்கதானே மொதலாளி பிரிக்கச் சொன்னீங்க?" முதலாளி என் கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டினார். "ஆபீஸ்ல எழுதியே குடுத்தாச்சு. இதுக்கு மேல நான் என்ன பண்றது?" வாயால் பேசிய பேச்சை டைப் அடித்த காகிதம் ஜெயித்துவிட்டது. சொல்ல மாட்டேன் என்று சூளையடியில் கொடுத்த வாக்கு எந்தக் காகிதத்திலும் இல்லை. கேட்டவன் நான் ஒருவன். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவர் என்னிடம் கேட்டார்.

"தம்பி, அந்தக் கடுதாசில என்னப் பத்தி என்ன எழுதின?"

"ஒண்ணும் இல்லண்ணே. பொதுவாத்தான் எழுதியிருக்கேன்."

இதுதான் மீதிப் பாதி. கடிதத்தை யோசிக்காமல் எழுதினேன். இந்தப் பதிலை யோசித்துச் சொன்னேன். அவர் கேட்ட அந்த நொடியில் எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: எழுதியது தவறு, திருத்த முடியும், முதலாளியிடம் போய் நான் கேட்டதைச் சொல்ல முடியும், இன்னொரு கடிதம் அடிக்க முடியும். என் வேலை போய்விடும் என்ற பயமும் அதே நொடியில் வந்தது. எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் 'ஒண்ணும் இல்லண்ணே' என்றேன். இதற்கு எந்த மொழியிலும் கவனக்குறைவு என்ற பெயர் கிடையாது. பிற்பாடு மனசு உறுத்தும்போதெல்லாம் முதல் தவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வருந்துவேன். அதற்கு மன்னிப்பு கிடைக்கும் என்று தெரியும். அதன் நிழலில் இரண்டாவதை ஒளித்து வைத்திருந்தேன்.

பிறகு அவரைச் சூளையிலிருந்து மாற்றிக் களிமண் அரைக்கும் இடத்தில் போட்டார்கள். சூளைக்கு அவரிடமே வேலை கற்ற ஒரு பையன் வந்தான். சில மாதம் பார்த்தார், நின்றுவிட்டார். நெய்வேலிப் பக்கம் கான்ட்ராக்ட் கூலிக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். பீங்கானில் அவருக்குத் தெரிந்தது அங்கே எதற்கும் உதவாது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அநியாயம் நடந்துவிட்டது என்று நினைப்பவர்கள் தங்கள் குறையைக் காகிதத்தில் எழுதிப் பிராது கட்டுவார்கள். கட்டியதற்குத் தீர்ப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், அவர் என் மேல் பிராது கட்டியிருப்பாரோ என்று நினைப்பேன். கட்டியிருந்தால் நியாயம்தான் என்றும் நினைப்பேன். ஆனால் அவரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்பதை வருடக்கணக்காக ஒத்திப் போட்டேன்.

கடைசியில் போனேன். நான் வேலையை விட்டு வெகுகாலம் ஆன பிறகு போனேன். அதாவது, சொல்வதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லாத காலத்தில். அதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தின் வாசகத்தை ஆங்கிலத்தில் சொல்லி, தமிழிலும் சொன்னேன். டீக்கடையில் சொன்னது பொய் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அப்படின்னா, நான் தெரியாம தொறந்துட்டேன்னு அர்த்தமா?" என்றார். ஆமாம் என்றேன்.

கூலி பிடித்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வலித்தது வேறு. "தொறக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவன் அந்தப் பேட்டையிலயே நான் ஒருத்தன்தான் தம்பி. என்னயப் போயி தெரியாதவன்னு எழுதிட்டியே." பிறகு சொன்னார்: "அனுப்பறதுக்கு முன்னால ஒருவாட்டி தமிழ்ல படிச்சிக் காமிச்சிருந்தா, எது தப்புன்னு நானே சொல்லியிருப்பேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் இது: லாரியில் சரக்கை ஏற்றும் அவசரத்தில், சூளைக்காரர் தடுத்துச் சொல்லியும் கேளாமல், நிர்வாகம் சூளையை முன்கூட்டியே பிரிக்கச் சொன்னது. இதில் வினையடையே தேவையில்லை. 'சூளை முன்கூட்டியே திறக்கப்பட்டுவிட்டது' என்று எழுதியிருந்தாலாவது அவர் தப்பியிருப்பார், முதலாளியும் தப்பியிருப்பார். அந்த மழுப்பலான வாக்கியம்கூட எனக்கு அன்று தோன்றவில்லை.

படித்துக் காட்டியிருக்கலாம் என்று சூளைக்காரர் சொன்னது புதிய விஷயமே இல்லை. குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் ஒப்புதல் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தால், அதை அவருக்குக் காட்ட வேண்டும் அல்லது படித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி அவருக்குத் தெரியாவிட்டால், தெரிந்த மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் விளக்கவும் சேர்க்கவும் இடம் கொடுக்க வேண்டும். 1973-ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே இதைச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டம் கொடுக்கும் அந்த மரியாதையை, ஒரு குற்றமும் செய்யாத எங்கள் சூளைக்காரருக்கு நான் கொடுக்கவில்லை. படித்துக் காட்ட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இன்று டைப்ரைட்டர் போய்விட்டது. கம்ப்யூட்டரில் பழைய கடிதத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது அன்றைவிடச் சுலபம். போனில் இரண்டு சொல் அடித்தால் மூன்றாவது சொல்லை அதுவே எடுத்துக் கொடுக்கிறது. தொழிற்பேட்டைகளிலும் மில்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆயாவைப் பற்றியும் வாட்ச்மேனைப் பற்றியும் டிரைவரைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியாத மொழியில் தினமும் யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள். கெட்ட எண்ணம் இல்லாதவர்கள், நல்ல ஆங்கிலம் வர வேண்டும் என்று பாடுபடுகிறவர்கள்.

நீங்கள் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடிதத்தில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களோ, அவரைக் கூப்பிடுங்கள். ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அனுப்புவதற்கு முன்னால் முழுவதையும் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். 'அப்படி இல்லையே' என்று அவர் சொன்னால் அந்தக் கடிதத்தை நிறுத்திவிட்டு, அவர் சொல்வதை எழுதுங்கள்.